முகமதன் ஸ்போர்ட்டிங்கின் அடுத்த பருவம்: ஒரு ரசிகனின் வியூகம்



குடும்ப இதழ் ஒன்றில் கால்பந்தாட்ட வியூகத்திற்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். பேசப்படும் கழகம் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் என்றால் அக்கேள்விக்கு விடை எளிது. 1891இல் தோன்றிய அக்கழகம் 1934இல் கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற முதல் இந்திய அணியாயிற்று. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அப்பட்டம் வேறு எவர் கைக்கும் போகவில்லை. ஆங்கிலேயப் படைப்பிரிவுகளின் உடைமை போலவே இருந்துவந்த டூரண்ட் கோப்பையையும் 1940இல் அது வென்றது. என் தந்தையார், நாளிதழில் அவ்வணியின் பெயரைத் தேடிப் படித்துவிட்டே மற்றச் செய்திகளுக்குச் செல்வார்கள். அந்தப் பற்று எனக்கும் வந்து சேர்ந்தது.

2024 ஏப்ரலில் ஐ-லீக் பட்டத்தை வென்று, இந்தியன் சூப்பர் லீக் என்னும் உயர்நிலைப் போட்டிக்கு அக்கழகம் முன்னேறியபோது நான் பெரிதும் மகிழ்ந்தேன். ஆனால் அங்கே ஆடிய முதல் பருவத்தின் கணக்கைப் பாருங்கள். 24 ஆட்டங்கள், வெற்றி 2, சமநிலை 7, தோல்வி 15. அடித்த கோல்கள் 12. வாங்கிய கோல்கள் 43. பதின்மூன்று அணிகளில் பதின்மூன்றாம் இடம். கசப்பான கணக்குதான். எனினும் அடுத்து வரும் எந்தப் பருவத்திற்கும் இதைவிடச் சிறந்த பாடநூல் கிடையாது என்பது என் எண்ணம்.

அந்த இரண்டு வெற்றிகளில் ஒன்றை நேரில் காணும் பேறு எனக்குக் கிட்டியது. 2024 செப்டம்பர் 26 அன்று, சென்னை ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில், சென்னையின் எஃப்.சி. அணியை முகமதன் 1-0 என வென்றது. இளைஞர் லால்ரெம்சங்கா முதற்பாதியில் அடித்த கோல் அது. அதன் பிறகு நான் பந்தைப் பார்த்ததைவிடப் பின்களத்தையே மிகுதியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் நெருங்கி நின்றவரை எதிரணிக்கு வழி கிடைக்கவில்லை. விலகி நின்ற போதெல்லாம் என் நெஞ்சு படபடத்தது. மற்றொரு வெற்றி 2025 ஜனவரியில் பெங்களூரில் கிடைத்தது. அதுவும் 1-0 தான். காசிமோவ் கடைசி நேரத்தில் அடித்த கோல்.

ஆக, கோல் வாங்காத நாளில்தான் இவ்வணி வென்றிருக்கிறது. 2024 டிசம்பர் இறுதி தொடங்கி ஒடிசா, வடகிழக்கு யுனைடெட், பெங்களூரு ஆகிய மூன்று அணிகளுக்கு எதிராக அடுத்தடுத்து ஒரு கோல்கூட வாங்கவில்லை. அம்மூன்று ஆட்டங்களில் கிடைத்த புள்ளிகள் 5. பருவம் முழுவதும் கிடைத்தவையோ 13 மட்டுமே!

எனவே என் முதல் யோசனை பின்களத்திலிருந்து தொடங்குகிறது. நான் பார்த்த ஆட்டங்களில் பெரும்பாலும் நான்கு பேரே பின்களத்தில் நின்றனர். மைதானத்தின் அகலம் 68 மீட்டர் என்று கொண்டால், ஒருவர் 17 மீட்டரைக் காக்க வேண்டும். ஐவரை நிறுத்தினால் அது 14 மீட்டருக்கும் குறைந்துவிடும். ஆகவே பந்து நம்மிடம் இருக்கையில் 3-4-2-1. பந்து எதிரியிடம் சென்றதும் இரு ஓரங்களிலும் உள்ளவர்கள் பின்வாங்கி 5-4-1. இதற்குப் பெரும் விலைகொடுத்து வாங்கும் நட்சத்திரங்கள் தேவையில்லை. ஓரங்களில் மேலும் கீழும் சளைக்காமல் ஓடக்கூடிய இருவர் கிடைத்தால் போதும்.

இரண்டாவது யோசனை, ஆட்டத்தின் கடைசி நிமிடங்களைப் பற்றியது. அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் வடகிழக்கு யுனைடெட் அணியிடம் கூடுதல் நேரத்தில் கோல் வாங்கித் தோற்றது முகமதன். இரண்டாம் ஆட்டத்தில் கோவாவை முந்தியிருந்தும் கூடுதல் நேரத்தில் சமநிலைக்கு இறங்கிற்று. நவம்பரில் பெங்களூருவுக்கு எதிராக எட்டாம் நிமிடத்திலேயே முன்னிலை பெற்றும், இறுதியில் 1-2 எனத் தோற்றது. இம்மூன்று ஆட்டங்களிலும் கூடுதல் நேரத்தில் மட்டும் நழுவிய புள்ளிகள் 4. கடைசிப் பத்து நிமிடங்களில் யார் உள்ளே வருவார், யார் எங்கே நிற்பார், பந்தை எந்த மூலைக்கு அனுப்புவது என்பதைப் பருவம் தொடங்குமுன்பே பயிற்சியில் பழக்கிவிட வேண்டும். களைத்த கால்களால் புதிதாக யோசிக்க முடியாது.

என் மகள் வயிற்றுப் பேரன் கல்லூரியில் பயில்கிறான். உணவு மேசையில் நான் புளியங்கொட்டைகளை அடுக்கி இவ்வியூகத்தை விளக்கியபோது அவன் மறுத்தான். “நன்னா, நீங்கள் கதவை அடைப்பதற்கு மட்டுமே வழி சொல்கிறீர்கள். எதிரணி ஒன்பது பேரோடு நின்றபோதும் நம்மவர்களால் ஒரு கோல் அடிக்க முடியவில்லையே, அதற்கு என்ன செய்வீர்கள்?”

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. 2024 நவம்பர் 9 அன்று ஈஸ்ட் பெங்கால் அணியின் இருவர் முதல் அரை மணி நேரத்திற்குள்ளேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேறினர். எஞ்சிய ஒரு மணி நேரமும் பதினொருவர் ஒன்பதின்மரோடு ஆடினர். முடிவு 0-0. அன்று முகமதன் அணியினர் நடுவழியாகவே நெருக்கிக்கொண்டிருந்தனர். எதிரணிக்கு வேண்டியதும் அதுவே. ஆகவே என் பேரனின் சொல்லை ஏற்று மூன்றாவது யோசனையைச் சேர்த்தேன். இத்தகைய வேளைக்கென்று இன்னொரு வியூகம் ஆயத்தமாக இருக்க வேண்டும். பின்களத்து மூவரில் ஒருவரை வெளியே அழைத்து, முன்களத்தில் இருவரைக் கோட்டை ஒட்டி நிறுத்தி, பந்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு விரைவாக மாற்றிக்கொண்டே இருந்தால், ஒன்பது பேரால் 68 மீட்டரையும் காக்க இயலாது. புளியங்கொட்டைகளை அவனே நகர்த்தி வைத்தான்.

இவ்விடத்தில் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்த பயிற்சியாளர் அவர். தலையில் காயமுற்றிருந்த பின்களக் காவலர் ஜர்னெயில் சிங்கை, அரையிறுதியிலும் இறுதியிலும் முன்களத்தில் நிறுத்தினார். இரண்டு ஆட்டங்களிலும் ஜர்னெயில் கோல் அடித்தார். தென்கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டம் 2-1 என முடிந்தது. கையில் இருக்கும் ஆளைப் பார்த்து வியூகம் வகுத்த பெருமகனார் அவர். வசதி குறைந்த கழகங்கள் கற்க வேண்டிய பாடமும் அதுவே.

வாசகர்களே, இத்தனை யோசனைகளுக்கும் மேலான ஒன்று உண்டு. அந்தப் பருவத்தில் ஊதியம் நிலுவையில் இருந்ததால் ஆட்டக்காரர்கள் மனம் நொந்தனர். ஐ-லீக் பட்டம் பெற்றுத் தந்த ரஷ்யப் பயிற்சியாளர் ஆந்த்ரே செர்னிஷோவ், அதே காரணத்தால் 2025 ஜனவரி இறுதியில் விலகினார். மூன்று ஆட்டங்களில் கோல் வாங்காமல் நின்ற அணி, அதே மாதத்தில் பயிற்சியாளரை இழந்தது! உழைத்தவரின் கூலியைப் பற்றி நமக்குப் போதிக்கப்பட்டிருப்பதை நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மாதச் சம்பளம் வருமா என்ற கவலையோடு களமிறங்குபவனை ஐந்தாமவனாக நிறுத்தினாலும், ஆறாமவனாக நிறுத்தினாலும் இடைவெளி இருந்தே தீரும். பருவம் தொடங்குமுன் ஊதியத்திற்கான தொகையைத் தனியே ஒதுக்கிவைப்பதையே எந்த வியூகத்திற்கும் முதல் வரியாக நான் எழுதுவேன்.

பட்டம் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. 1934ஐ மீண்டும் கொண்டுவாருங்கள் என்று நிர்வாகிகளை நெருக்கவும் இல்லை. 24 ஆட்டங்களில் வாங்கிய 43 கோல்கள் 30 ஆகக் குறையட்டும். கூடுதல் நேரத்தில் நழுவிய அந்த 4 புள்ளிகள் கைக்கு வரட்டும். ஆட்டக்காரர்களின் வீடுகளுக்கு மாதந்தோறும் சம்பளம் போய்ச் சேரட்டும். இம்மூன்றும் நடந்தால், அடுத்த முறை அவ்வணி சென்னைக்கு வரும்போது, இன்ஷா அல்லாஹ், என் பேரனையும் உடன் அழைத்துச் செல்வேன். நீங்களும் வாருங்கள்.