நாய்த் தீவனப் பையின் பின்பக்கம்

கொஞ்சம் நீளமான பதிவு. நாய் பிடிக்காதவர்கள் தாண்டிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு செவலை நாய் ஐப்பசி மழையில் ஐந்து குட்டி போட்டது. அதற்குச் சோறு வைப்பது எதிர் வீட்டுப் பெண். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். ஒருநாள் வந்து கேட்டாள்: "டீச்சர், பையில வர்ற நாய்ச் சாப்பாடு விலையைப் பார்த்தா பயமா இருக்கு. மூட்டையிலிருந்து சில்லறையா அள்ளிக் குடுக்கிறாங்க, பாதி விலைதான். ரெண்டும் ஒண்ணுதானே?"

அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. "ரெண்டையும் கொண்டா, பார்ப்போம்" என்றேன். பிறகு நிறையப் படித்தேன். இங்கே பல வீடுகளில் இதே கேள்வி இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

படாளம் கூட்ரோட்டில் வாங்கிய பெடிகிரி, பெரிய நாய்க்கான பை. முன்பக்கம் நல்ல நாய்ப் படம். அதை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்பினோம். கச்சாப் புரதம் குறைந்தது 20 சதவீதம், கொழுப்பு குறைந்தது 10, நார் அதிகம் போனால் 5, ஈரம் அதிகம் போனால் 12. அதற்கு மேலே சேர்மானப் பட்டியல். எடையில் எது அதிகமோ அது முதலில் வரும் என்பது வழக்கம். முதலில் இருந்தது தானியமும் தானியத் துணைப்பொருட்களும். கோழி அதற்கு அப்புறம்தான்.

"அப்போ நொய்யும் தவிடும்தானா டீச்சர்?" என்றாள். பாதிக்குப் பாதி அப்படித்தான். மேலே சொன்ன நான்கையும் கூட்டி நூறில் கழியுங்கள், 53 வரும். சாம்பல் எனப்படும் தாது உப்புக்கு ஒரு 8 விட்டால் மீதி 45 மாவுச்சத்து. பையில் இந்த எண்ணை அச்சடிக்க மாட்டார்கள், நாம்தான் கழித்துப் பார்க்கவேண்டும்.

தானியம் என்றதும் பதற வேண்டியதில்லை. 2013-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதினார்கள்: மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம். மனிதன் போட்ட சோற்றைத் தின்றே நாய் நாயாகியிருக்கிறது. கோழித் துணைப்பொருள் என்றால் ஈரல், குடல், கால் மாதிரியானவை. பிராய்லர் கடை வாசலில் நிற்கும் நாயைக் கேட்டால் அது எவ்வளவு உசத்தி என்று சொல்லும்.

ஒரு தந்திரம் மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சில பைகளில் கோழி முதலிலும், அதன்பின் அரிசி, மக்காச்சோளம், கோதுமை, தவிடு என்று தனித்தனியாகவும் இருக்கும். பின்னால் வருவதையெல்லாம் ஒன்றாகக் கூட்டினால் கோழியை மிஞ்சிவிடும். பச்சைக் கோழி எடையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் வேறு.

இனி அந்தக் 'கச்சா' என்ற சொல். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர்க் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கெல்டால் என்பவர் 1883-இல் ஒரு முறை கண்டுபிடித்தார். உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கினால் அதுதான் புரதக் கணக்கு. இன்றும் பெரும்பாலும் அந்த வழிதான். நைட்ரஜன் கறியிலிருந்து வந்ததா, இறகிலிருந்து வந்ததா என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. 2007-இல் அமெரிக்காவில் நாய், பூனைகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தபோது நடந்தது இதுதான். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தார்கள். அது பிளாஸ்டிக் சாமான் செய்கிற ரசாயனம், நைட்ரஜன் நிறைய. சோதனையில் புரதம் அமோகமாகக் காட்டியது.

அதனால் சதவீதம் மட்டும் போதாது. தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம் எல்லாம் வேண்டும். அன்றைக்கு யார் பொறுப்பு என்று தேடிப்போய்ப் பிடித்தது இவற்றை வைத்துத்தான். நம் ஊரில் மனிதர் உணவுக்கான பாதுகாப்புச் சட்டம் (2006) கால்நடைத் தீவனத்தைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே பையில் இருக்கும் எழுத்துதான் நமக்குப் பிடிமானம்.

சில்லறைத் தீவனத்துக்கு அந்தப் பிடிமானமே இல்லை. மூட்டையில் சீட்டு இல்லை, மாதம் இல்லை. கையில் எடுத்தால் லேசாக நமுத்திருந்தது, முகர்ந்தால் பழைய புண்ணாக்கு வாடை. மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு இரண்டிலும் ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் ஈரலைத் தின்றுவிடும். 1960-இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்தது பிரேசில் கடலைப் புண்ணாக்கால்தான். 2020 முடிவில் அமெரிக்காவில் மக்காச்சோளம் போட்ட நாய்த் தீவனத்தால் 70-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்தன. அங்கே பை இருந்தது, எண் இருந்தது, திரும்பப் பெற்றார்கள். இங்கே மூட்டையை யார் திரும்பப் பெறுவது? வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. கோழிப் பண்ணைக்காரர்கள் இதைச் சோதிக்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்புகிறார்கள். ஒரு கிலோ வாங்கும் நாம் அனுப்பப் போவதில்லை. அந்தச் சில்லறைத் தீவனத்தைக் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னேன். மனசில்லாமல்தான் புதைத்தாள்.

"அப்போ வெறும் சோறே போடறேன்" என்றாள். அதற்கும் கணக்குப் போட்டோம். 15 கிலோ நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி வேண்டும். அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வைத்திருக்கும் அளவுப்படி அதில் 38 கிராமாவது புரதம் இருக்கவேண்டும். வெறும் சோற்றில் அந்தக் கலோரியைக் கொடுத்தால், 650 கிராம் சோறு, புரதம் 17 கிராம்தான். பாதிகூட இல்லை. நம் தெரு நாய்கள் வயிறு நிறைந்தும் எலும்பு தெரிய நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

பைத் தீவனம் மட்டும் என்றால் 270 கிராம், புரதம் 54. தேவைக்கு மேல்தான், ஆனால் தினமும் கட்டுப்படியாகாது. பாதிப் பாதியாகப் பாருங்கள்: தீவனம் 135 கிராம், சோறு 200 கிராம், வேகவைத்த முட்டை இரண்டு. புரதம் 44 கிராம், கலோரி 820. கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பையில் ஒரு கிராம் புரதம் ஒரு ரூபாய். முட்டை 6 ரூபாய் என்றால் அதிலும் ஒரு கிராம் ஒரு ரூபாய்தான், செரிமானத்தில் முட்டையே மேல். இந்த இடத்தில்தான் அவள் முகம் தெளிந்தது. முட்டை விலை அவளுக்குத் தெரிந்த விலை.

இதெல்லாம் சாதாரண நாய்க்கு. பால் கொடுக்கும் தாய்க்கு இரண்டு, மூன்று மடங்கு சாப்பாடு வேண்டும். கால்சியமும் அப்படித்தான்: வளர்ந்த நாய்க்கான உணவில் குறைந்தது 0.5 சதவீதம் என்றால், குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 1.2. அதனால் 'குட்டிக்கு' என்று போட்ட சின்னப் பை ஒன்று வாங்கினோம், பாதிக் காசு என்னுடையது. அதையே தாய்க்கும் வைத்தோம். மூன்றாவது வாரம் முடிந்ததும் வெந்நீரில் ஊறவைத்துக் குட்டிகளுக்கும் கொடுத்தாள். ஐந்தில் ஒன்று முதல் வாரமே போய்விட்டது. மற்ற நான்கும் இப்போது என் செருப்பைத் தேடி வருகின்றன.

வெங்காயம் போட்ட குழம்புச் சோறு வேண்டாம். கோழி எலும்பை வேகவைத்துப் போடாதீர்கள், சிராய்ச் சிராயாக உடையும். பையைத் திறந்தபின் டப்பாவில் கொட்டிவிட்டுப் பையைக் குப்பையில் போடாதீர்கள். பையோடு டப்பாவுக்குள் வைத்து வாயை இறுக்கி மூடுங்கள். எண்ணும் மாதமும் அதில்தான் இருக்கிறது.