இரைச்சலில்லாத வீதிகள்

பிரான்ஸ் என்றதும் எங்களவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது பாரிஸ் லா சப்பலின் கடைத்தெரு. அடுத்தது லூர்து மாதா கோவில். இவ்விரண்டையும் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுவோர்தான் அதிகம். நானும் முதல் இரண்டு தடவைகள் அப்படித்தான் திரும்பினேன். மூன்றாவது தடவை தெற்கே இறங்கியமைக்குக் காரணம் பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த நண்பர். மத்தியதரைக் கடற்கரைப் பக்கமாக நெடுங்காலம் வாழ்பவர். வைத்தியரின் வற்புறுத்தலால் ஐம்பது வயதுக்குப் பின்னர் துவிச்சக்கரவண்டி மிதிக்கத் தொடங்கியவர். "யாழ்ப்பாணத்திலை மிதிச்ச கால்தானே மச்சான், யோசிக்காமல் வா" என்றார். யாழ்ப்பாணத்தில் மலையே இல்லை என்பதை இருவருமே வசதியாக மறந்துவிட்டோம்.

அவர் அழைத்துச் சென்ற இடம் வெர்டோன். புரொவான்ஸ் மலைகளுக்குள் கஸ்தெலான் என்ற சிற்றூருக்கும் மூஸ்தியே என்ற சிற்றூருக்கும் இடையே, வெர்டோன் ஆறு சுண்ணாம்புக்கல்லை அறுத்து ஏறக்குறைய 25 கிலோமீற்றர் நீளமான மலையிடுக்கு ஒன்றை உருவாக்கியிருக்கிறது. சில இடங்களில் அதன் ஆழம் 700 மீற்றர். அடியில் ஓடும் நீர் இளம்பச்சை. சுண்ணாம்புக்கல் எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் கிணறுகளும் கீரிமலைக் கேணியும் அந்தக் கல்லில் அமைந்தவைதாம். ஆனால் நாங்கள் கண்டது காலுக்குக் கீழே கிடக்கும் கல். தலைக்கு மேலே சுவராக எழுந்து நிற்கும் சுண்ணாம்புக்கல்லை அங்கேதான் பார்த்தேன். இவ்விடுக்கின் உட்புறத்தை முதன்முதலில் முழுமையாக ஆராய்ந்தவர் எதுவார் மார்த்தெல் என்ற குகை ஆராய்ச்சியாளர். ஆண்டு 1905. ரூகோன் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் அவருக்குத் துணையாகச் சென்றார்.

வீதிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். வடகரையில் கஸ்தெலானிலிருந்து லா பலூ வழியாக மூஸ்தியேக்குப் போகும் டி 952. தென்கரையில் எகீன் கிராமத்திலிருந்து மலை விளிம்போடு கிழக்கே போகும் டி 71. இரண்டையும் இணைத்து ஏரிக்கரையால் சுற்றி வந்தால் நூறு கிலோமீற்றர் அளவில் வரும். ஒரே நாளில் இதை முடிக்கும் இளைஞர்கள் உண்டு. நாங்கள் மூன்று நாட்கள் எடுத்தோம், வெட்கப்படவில்லை. வாடகைக்கு எடுத்த சைக்கிளில் இருந்த மிகச் சிறிய கியரே அம்மூன்று நாளும் என் உற்ற துணை.

வடகரையில் லா பலூவிலிருந்து புறப்பட்டு மீண்டும் அங்கேயே வந்து சேரும் டி 23 என்னும் முகட்டுப் பாதையும் உண்டு. இருபத்துச் சொச்சம் கிலோமீற்றர்தான். ஆனால் 1300 மீற்றர் உயரத்துக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். அதில் ஒரு பகுதி ஒருவழிப் பாதை என்பதால் கிழக்குப் பக்கமாகத் தொடங்குவதே முறை. பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள். காலை எட்டு மணிக்கு நாங்கள் ஏறியபோது ஒரேயொரு வாகனம் எங்களைக் கடந்தது. விளிம்பில் நின்று கீழே பார்த்தால் கழுகுகளின் முதுகு தெரிகிறது. பறவையை மேலிருந்து பார்ப்பது விசித்திரமான அனுபவம். இந்தப் பிணந்தின்னிக் கழுகுகள் இப்பகுதியில் அற்றுப்போய், 1999 முதல் ரூகோனில் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டவை.

ஆனால், இதைப் படித்துவிட்டு ஓகஸ்ட் மாதத்தில் அங்கே போகிறவர் என்னைத் திட்டக்கூடாது. யூலையிலும் ஓகஸ்டிலும் இதே வீதிகளில் மோட்டார் சைக்கிள்களும் வீட்டைப்போன்ற ஊர்திகளும் வரிசை கட்டி நிற்கும். நாங்கள் போனது செப்ரெம்பர் இறுதியில். பாடசாலைகள் தொடங்கிவிட்டன, வெயில் தணிந்துவிட்டது, கடைகள் இன்னும் மூடவில்லை.

அந்த முகட்டில் நண்பர் என்னிடம் கேட்டார்: "ஏன் நெடுகத் திரும்பித் திரும்பிப் பாக்கிறாய்?" நான் பார்த்ததை நானே கவனிக்கவில்லை. 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கிய பின்னர் குடாநாட்டில் பெற்றோல் இல்லை. எங்கள் வாழ்க்கை முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. விறகு, மண்ணெண்ணெய், நோயாளி, சவப்பெட்டி எல்லாம் அதிலேதான். மணிச்சத்தமும் சங்கிலிச் சத்தமும் கலந்த சந்தடியுள்ள வீதியே எங்களுக்குப் பாதுகாப்பான வீதி. சந்தடி அடங்கினால் ஏதோ நடந்துவிட்டது, அல்லது நடக்கப்போகிறது என்று பொருள். பின்னாளில் செய்தி சேகரிக்கப் போனபோதும் ஆளில்லாத வீதியைக் கண்டால் திரும்பிவிடுவதே நாங்கள் கற்றுக்கொண்ட தொழிற்பாடம். உல்லாசப் பயணிகள் காசு கொடுத்துத் தேடிவரும் அமைதி எனக்கு முதல் நாள் முழுவதும் அச்சமாகத்தான் இருந்தது.

மலையிடுக்கு முடியுமிடத்தில் சாந்த் குருவா ஏரி விரிகிறது. 22 சதுரக் கிலோமீற்றர். இயற்கை ஏரி என்று எண்ணித்தான் பலரும் படம் எடுக்கிறார்கள். அது மின்சாரத்துக்காகக் கட்டப்பட்ட அணையின் நீர்த்தேக்கம். எழுபதுகளின் நடுப்பகுதியில் அது நிரம்பியபோது லே சால் என்ற கிராமம் நீருக்கடியில் போயிற்று. அதற்கு முன்னர், 1974இல், வீடுகளையும் தேவாலயத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். மேட்டில் புதிய லே சால் எழுந்தது. பக்கத்தில் போதுவான் என்ற ஊர் தன் வயல்களை இழந்து ஏரிக்கரைப் பட்டினமாகிவிட்டது. எங்கள் மலையகத்து மஸ்கெலியாவை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். 1969இல் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்குள் அமிழ்ந்த பழைய நகரின் கோவில், நீர் வற்றும் காலங்களில் இன்றைக்கும் தலை காட்டுகிறது. லே சாலில் அப்படித் தலை காட்ட எதையும் விட்டுவைக்கவில்லை. எது நல்லது என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் நாள்தான் உண்மையில் நான் எழுத நினைத்தது. எகீனிலிருந்து ஏறி, ஆர்த்துபி ஆற்றின் மேலே சுமார் 180 மீற்றர் உயரத்தில் நிற்கும் ஒற்றை வளைவுப் பாலத்தைத் தாண்டி, கோம்ப் என்ற ஊரை அடைந்தோம். அங்கிருந்து கிழக்கே போய்த் தெற்கே திரும்பும் டி 25 வீதியைப் பிடித்தோம். இத்தனை நாளிலும் காணாத வெறுமை. மிக நல்ல வீதி, மிதமான ஏற்றம், இரு புறமும் புல்வெளி. ஏன் இவ்வளவு அமைதி என்பதற்கு விடை பதாகைகளில் இருந்தது: இராணுவப் பிரதேசம், உட்செல்லாதே. காஞ்சுவேர் முகாம் பிரான்சின் மிகப் பெரிய இராணுவப் பயிற்சிக் களம், 35,000 ஹெக்டெயர். வீதியோரத்தில் புரோவே என்ற கிராமம் கூரையிழந்து நிற்கிறது. முகாமுக்காக அதன் மக்களை 1974இல் வெளியேற்றினார்கள். லே சாலை நீர் கொண்ட அதே காலத்தில், சில மணிநேர சைக்கிள் தூரத்திலே, இன்னொரு ஊரைப் படை கொண்டிருக்கிறது.

அந்நேரம் தூரத்தில் பீரங்கி ஒன்று முழங்கியது. பயிற்சிச் சூடு. இருவரும் ஒரே கணத்தில் பிறேக் பிடித்துக் காலூன்றி நின்றோம். நண்பரின் கண் வீதியோரப் பள்ளத்தை அளந்துகொண்டிருந்தது. முப்பது வருடப் பிரெஞ்சு வாழ்க்கை எங்கே போயிற்றோ தெரியவில்லை. பின்னர் சிரித்தோம், அதிகம் சிரிக்கவில்லை.

வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்தவர்களின் காணிகளைப் பற்றி நான் எழுதிய செய்திகளுக்குக் கணக்கில்லை. 2017இல் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் வசாவிளான் - பலாலி வீதி 35 வருடங்களின் பின்னர் திறக்கப்பட்டபோது, நடந்து போகக்கூடாது, இடையில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்று நிபந்தனைப் பலகை வைத்தார்கள். புரோவே மக்களுக்கு, சேயான் என்ற ஊரின் எல்லைக்குள் புதிய குடியிருப்பொன்று கட்டிக் கொடுத்து, பழைய பெயரையும் அதற்குச் சூட்டினார்கள். எங்களுக்கு நலன்புரி முகாம். இந்த வேறுபாடு சிறிதல்ல. அதைச் சொல்லாமல் இரண்டையும் ஒன்றாக்குவது நேர்மையாகாது. ஆயினும் கூரையில்லாத வீட்டின் சுவரில் முளைக்கும் செடி எந்த நாட்டிலும் ஒரே மாதிரித்தான் முளைக்கிறது.

புரோவேயைத் தாண்டினால் 951 மீற்றர் உயரத்தில் பெல் ஓம் கணவாய். அதன் பிறகு பார்ஜெமோன் வரை ஒரே இறக்கம். பிறேக் கட்டைகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கோம்பில் நிரப்பிய தண்ணீர்ப் போத்தல் வழியில் முடிந்துவிட்டது. பார்ஜெமோன் நீரூற்றுகளுக்குப் பேர்போன ஊர். சதுக்கத்து மரநிழலில் இருந்த முதியவர் ஒருவரிடம், புரோவேயில் யாரையாவது தெரியுமா என்று நண்பரைக் கொண்டு கேட்பித்தேன். தன் மனைவி அந்த ஊர்தான் என்றார். அவர் இப்போது இல்லையாம். எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். நண்பர், தான் வாழும் நகரின் பெயரைச் சொல்லவில்லை, "மயிலிட்டி" என்றார்.