பெயர் வெட்டிய பாத்திரங்கள்

சென்னையிலிருந்து தெற்கே ரயிலில் போகிறவர்களுக்குச் செங்கல்பட்டு என்றால் முதலில் ஞாபகம் வருவது கொளவாய் ஏரிதான். வண்டி ஏரிக்கரையை ஒட்டிப் போகும்போது ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். தூங்கி வழிகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்து, "செங்கல்பட்டு வந்துவிட்டதா?" என்பார்கள். அப்புறம் வண்டி நகர்ந்துவிடும். நானும் எத்தனையோ தடவை அப்படித்தான் அந்த ஊரைக் கடந்து போயிருக்கிறேன். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கையில் ஒரு துணிப்பையுடன் அங்கே இறங்கினேன். அதற்குக் காரணம் ஒரு வெண்கலப் பானை.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு போகிக்கு முதல் நாள் எங்கள் வீட்டுப் பரணைக் காலி செய்தோம். பாட்டி காலத்து வெண்கலப் பானை, பித்தளைத் தவலை, செம்புக் குடம், ஒரு கூஜா எல்லாம் இறங்கின. "யார் தேய்ப்பது இதையெல்லாம்?" என்று நான்தான் சொன்னேன். பழைய சாமான்காரர் தராசில் போட்டார்; எடைக்கு எடை பணம் கொடுத்தார். அந்தப் பணத்தில் பளபளவென்று எவர்சில்வர் டப்பாக்கள் வாங்கினோம். எனக்குப் பரம திருப்தி.

திருப்தி ஒரு மாதம் நீடித்தது. மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழம்பொருள் கடை ஒன்றில், எங்கள் பானைக்கு உடன்பிறந்தது போல ஒரு பானை உட்கார்ந்திருந்தது. விலைச் சீட்டைப் பார்த்தேன். எடைக்குப் போட்டு நான் வாங்கிய பணத்தைப் போல ஏழு மடங்கு! அலுவலகத்தில் வந்து புலம்பினேன். எங்கள் ஆசிரியர் சிரித்துவிட்டு, "அந்த ஏழு மடங்கு எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்" என்றார்.

செங்கல்பட்டு பழைய ஊர். செங்கழுநீர்ப் பூ நிறைந்த இடம் என்பதால் செங்கழுநீர்ப்பட்டு என்று இருந்து, செங்கல்பட்டு ஆயிற்று என்பார்கள். இங்கிருந்த கோட்டையை 1752-இல் கிளைவ் பிடித்தார். ஊர்ப் பெயரே ஒரு பழம்பொருள்தான். 1997-இல் மாவட்டத்தைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரித்தபோது செங்கல்பட்டு மாவட்டம் என்ற பெயர் பரணுக்குப் போயிற்று. 2019 நவம்பர் 29-இல் அதைத் தூசி தட்டி மறுபடியும் எடுத்தார்கள்!

நான் தேடிப் போன அம்மாளின் வீடு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். அவர் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்து வருஷமாக இந்த அம்மாள் பழைய பாத்திரங்களை வாங்கிச் சீர் செய்து விற்று வருகிறார். திண்ணையெல்லாம் பானைகள், கூடத்தில் அஞ்சறைப் பெட்டிகள், உருளிகள், அரிக்கேன் விளக்குகள்.

"வாம்மா, உட்காரு. அந்த முக்காலி விற்பனைக்கு, பயப்படாமல் உட்காரலாம், உறுதியானது" என்றார்.

பெரிய வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடிக்குக் குடிபோகிறவர்கள்தான் இவருக்குச் சாமான் கொடுக்கிறவர்கள். எடைக்குப் போட்டால் என்ன கிடைக்குமோ அதைவிடக் கொஞ்சம் கூடவே கொடுக்கிறார். கணக்கைக் கேட்டேன். உதாரணத்துக்கு ஒன்று போட்டுக் காட்டினார். பழைய பித்தளை கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்று கிலோத் தவலை 1,200. இவர் 1,500 கொடுத்து வாங்குகிறார். ஒடுக்கு எடுக்க, ஈயம் பூச, பஸ்ஸுக்கு என்று 400 செலவு. 2,400-க்கு விற்றால் மிச்சம் 500. "கேட்க நன்றாயிருக்கும். ஆனால் சில தவலை ஆறு மாசம் இங்கேயே குடியிருக்கும். வாடகையும் தராது!" என்று சிரித்தார். கடற்கரைச் சாலைக் கடைக்காரருக்கோ கடை வாடகை, ஆள் சம்பளம், விளக்கு வெளிச்சம் எல்லாம் உண்டு. ஏழு மடங்கில் பாதி மர்மம் எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

சகோதரிகளே, நீங்களும் இப்படி ஏதாவது செய்யலாமே என்று நினைத்தால், அந்த அம்மாள் சொன்ன பாடங்களைக் கேளுங்கள். முதலில் உலோகம் தெரிய வேண்டும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். விரலால் சுண்டினால் வெண்கலம் மணி போல நீண்டு ஒலிக்கும். பித்தளையின் சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும். புளி, தயிர் படும் பித்தளைக்கும் செம்புக்கும் உள்ளே ஈயப் பூச்சு அவசியம்; இல்லாவிட்டால் களிம்பு இறங்கும். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கிப் பஞ்சால் துடைத்துப் பூசுவார்கள். அது வெள்ளீயமாகத்தான் இருக்க வேண்டும். காரீயம் கலந்தால் உடம்புக்கு விஷம். தெரிந்த கைக்காரரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். ஓட்டை அடைத்த பாத்திரமானால், வாங்குகிறவருக்கு அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிவிட வேண்டும்.

பேசிக்கொண்டே ஒரு பானையைத் திருப்பினார். கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: 'ராஜம், 1958.' கல்யாணச் சீர்ப் பாத்திரம்!

"இதைத் தேய்த்து எடுத்துவிட்டால் விலை கூடுமே?" என்றேன்.

"கூடும். வாங்க வருகிறவர்கள் கேட்கத்தான் கேட்கிறார்கள். ஆனால் தேய்த்தால் தகடு மெலிந்து போகும். அதோடு, நாளைக்கு அந்த வீட்டுப் பெண் யாராவது தேடிக்கொண்டு வந்தால் எதைக் காட்டுவேன்? இதுவரை இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஒருத்தி தன் அம்மா பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு இந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்து அழுதாள். வாங்கின விலைக்கே கொடுத்தனுப்பினேன். அதிலிருந்து, ஒரு வீட்டில் சாமான் வாங்குமுன் எல்லோரையும் கேட்டுவிடுவேன். மருமகள் கொடுத்தால் மாமியாரைக் கேட்பேன். மகன் கொடுத்தால் மகளுக்குப் போன் போடச் சொல்வேன். அதனால் பாதி வியாபாரம் நின்றுபோகும். போகட்டும்."

எங்கள் வீட்டில் நான் யாரைக் கேட்டேன்? அம்மாவைக்கூடக் கேட்கவில்லை. அம்மா அன்று சமையலறையில் பொங்கலுக்கு வெல்லம் பொடித்துக்கொண்டிருந்தாள். தராசுச் சத்தம் காதில் விழுந்திருக்கும்.

"எதை வாங்கவே மாட்டீர்கள்?" என்று கேட்டேன். அம்மாளின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

"சாமி சிலை. சுவடி. ஒருநாள் ஒருவர் துணியில் சுற்றிச் சின்னதாக ஓர் அம்மன் விக்கிரகம் கொண்டு வந்தார். பள்ளம் தோண்டும்போது கிடைத்ததாம். கேட்ட விலையும் சொற்பம். தாசில்தாரிடம் கொண்டு போய்க் கொடுங்கள் என்றேன். போனாரோ இல்லையோ! அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை."

அவர் பயந்ததில் நியாயம் உண்டு. பூமியில் புதைந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப் பொருள்களை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும்; தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. சுவடிகளுக்கு 75 ஆண்டுதான் வரம்பு. தஞ்சைப் பக்கத்துப் பத்தூரில் 1976-இல் ஓர் ஏழைத் தொழிலாளி மண்ணைத் தோண்டியபோது நடராஜர் கிடைத்தார். கை மாறிக் கை மாறி லண்டன் வரை போனார். அங்கே பல வருஷம் வழக்கு நடந்து, 1991-இல்தான் தாயகம் திரும்பினார். முதல் கையிலேயே யாராவது "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் அத்தனை தூரம் போயிருக்க மாட்டார்.

அந்த ராஜத்தின் பானையை நானே வாங்கிக்கொண்டேன். துணிப்பை சரியாக நிறைந்தது.

மதியம் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினேன். மொத்தம் சுமார் முப்பது கிலோமீட்டர். வேதகிரி மலைக்கு உச்சிவேளையில் உணவு கொள்ள வந்த கழுகுகள் இப்போது வருவதில்லை. மலை மட்டும் ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் கூடவே வருகிறது.

மாமல்லபுரத்தில் உளிச் சத்தத்துக்குக் குறைவில்லை. 1957-இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி இன்று கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. ஊரின் கற்சிற்பங்களுக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நேர்மையான சிற்பி, "நேற்று முடித்தேன்" என்று பெருமையோடு சொல்லி விற்கிறார். வெளிநாட்டுக்குக் கொண்டு போகிறவர்கள், 'இது தொல்பொருள் அல்ல' என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால் புதுச் சிலையைப் புளித் தண்ணீரில் ஊறப்போட்டு, மண்ணில் புதைத்துப் 'பழசாக்கும்' வித்தையும் உலகத்தில் உண்டு. யாராவது காதோடு காதாக, "நூறு வருஷத்துச் சரக்கு" என்றால் உடனே நகர்ந்துவிடுங்கள். பொய்யானால் பணம் போயிற்று. நிஜமானால் சட்டம் வரும்.

அங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா. 1996-இல் திறந்தது. பாத்திரம் என்ன, வீடுகளையே இங்கே மறுபடி புழக்கத்துக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள்! இடிபட இருந்த வீடுகளைக் கழற்றி எடுத்து வந்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள். வளாகத்துக்கு வடிவம் தந்தவர் லாரி பேக்கர். மொத்தம் 18 வீடுகள். செட்டிநாட்டு வணிகர் வீட்டுத் தூண்களைத் தொட்டபோது எனக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு ஞாபகம் வந்தது. அங்கே இதே மாதிரித் தூண்களும் கதவுகளும் தனித்தனியாகப் பிரிந்து, கடை கடையாகச் சாய்ந்து நிற்கும். எந்த வீட்டுக் கதவு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. இங்கே தூணுக்குத் திண்ணை இருக்கிறது. திண்ணைக்குக் கூடம் இருக்கிறது. எந்த ஊர் வீடு என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் அந்தப் பழைய கடையில் மறுபடி ஏறினேன். ஏழு மடங்குப் பானை அங்கேயே இருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி ஓரிடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. "யார் வீட்டுப் பானை இது?" என்றேன். "மொத்தமாக வந்ததும்மா" என்றார் பையன்.

காலையில் விடைபெறும்போது செங்கல்பட்டு அம்மாளிடம் என் பாட்டி பெயரைச் சொல்லி, கண்ணில் பட்டால் எடுத்து வைக்கும்படி கேட்டிருந்தேன். ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, "எடைக்குப் போட்டதென்றால் உருக்கியிருப்பார்கள். இருந்தாலும் பார்க்கிறேன்" என்றார்.

இரவு வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தேன். அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு புள்ளிகளின் மேல் விரலை ஓட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ராஜம்... யாரடி இந்த ராஜம்?"

"தெரியாதம்மா. 1958-இல் கல்யாணம் ஆனவள்" என்றேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பானையை எடுத்துப்போய்க் கழுவி, பரணில் வைக்காமல், சமையல் மேடை மேல் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.