ரிவர்ஸ்டனில் பார்க்கத்தக்கவை

ரிவர்ஸ்டனில் பார்க்கத்தக்க இடங்கள் எவை என்று வெளியூர் நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. மாத்தளையில் பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பிப்பவனிடம் இதனைக் கேட்பதில் வியப்பில்லை. நானும் விரல்விட்டு எண்ணிச் சொல்லி வந்திருக்கிறேன். ரத்தோட்டைப் பக்கத்தில் பம்பரகிரி நீர்வீழ்ச்சியும் அங்கே ஆடும் தொங்குபாலமும். மேலே ஆளைத் தள்ளும் காற்று வீசும் கணவாய். அதற்கப்பால் பிட்டவல பத்தனை என்னும் புல்வெளியும், அதன் விளிம்பில் ‘சிறிய உலக முடிவு’ எனப்படும் செங்குத்துச் சரிவும். இன்னும் கீழே இறங்கினால், விழும் நீரின் பின்னே குகைக்குள் சென்று நிற்கத்தக்க சேரா எல்ல. நான்கு இடங்கள், ஒரு பகற்பொழுது போதும்.

இந்தப் பட்டியலில் ஓர் இடத்தை நான் அறிந்தே விட்டு வந்தேன். அதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில், உடன் கற்பிக்கும் ஆசிரியர் மூவருடன் ஒரு வேனில் புறப்பட்டேன். அவர்களுள் இருவர் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். மலைநாட்டை அதுவரை சரியாகப் பார்த்திராதவர்கள். ரத்தோட்டையைக் கடந்து பாதை வளைந்து ஏறத் தொடங்கியதும் மிளகும் கராம்பும் பின்தங்கித் தேயிலை தோன்றிற்று. பாதையோரத்து நிரையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தனர். நண்பர்கள் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். “தலைவாரி விட்டது போலல்லவா இருக்கிறது இந்த மலை!” என்றார் ஒருவர். மற்றவர் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் எடுத்தார்.

இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியிருந்த முதியவள் ஒருத்தி, கையை நிறுத்தாமலே என்னைப் பார்த்துக் கேட்டாள்: “தம்பி எந்தத் தோட்டம்?”

“டவுன்தான் அம்மா” என்றேன்.

அது பொய்யன்று. நான் வாழ்வது மாத்தளை நகரில்தான். ஆனால் அவள் கேட்டது அதையா? மலைநாட்டார் ஒருவரையொருவர் முதன்முதலாகக் கண்டால் கேட்கும் கேள்வி அது. என் முகத்திலோ பேச்சிலோ எதையோ கண்டுகொண்டுதான் அவள் கேட்டாள். அந்தச் சரிவுக்குக் கீழே, பாதையிலிருந்து கூரைத் தகரம் மட்டும் தெரிகின்ற லயத்தில்தான் என் தாய் பிறந்தாள். பதினான்கு வயதில் பெயர் பதிந்து பிரட்டுக்களத்தில் நின்றவள் அவள். அவள் கிள்ளிய கொழுந்தில்தான் நான் பல்கலைக்கழகம் போனேன். அங்கே விடுதியில் ஒருவன் விளையாட்டாக, “தோட்டக்காட்டான்” என்று அழைத்தான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் அன்று தேயிலை நடுவில் “டவுன்” என்று சொல்லிற்று.

வண்டி மேலே ஏறிற்று. கணவாயை அடைந்தபோது எங்கும் பனிமூட்டம். எதிரே நின்றவர் முகமும் தெரியவில்லை. “பார்க்க ஒன்றுமில்லையே” என்று நண்பர்கள் வருந்தினர். உண்மையில் அந்த மூட்டந்தான் இம்மலையின் இயல்பு. தென்மேற்குப் பருவக்காற்று ஒரு பக்கமும் வடகிழக்குப் பருவக்காற்று மறுபக்கமும் மோதி நனைக்கும் தொடர் இது. காற்று ஓயாத உச்சிகளில் மரங்கள் உயர முடியாமல் குறுகி நிற்கின்றன. பிட்டவல பத்தனையிலோ பாறைமேல் மெல்லிய மண்படை மட்டுமே; அதனால் அங்கே மரமின்றிப் புல்லே ஆட்சி செய்கிறது. சிங்கள மக்கள் இத்தொடரைத் தும்பர மலை என்பர். வெள்ளையர் தொலைவிலிருந்து நோக்கி, மூடிய கையின் முட்டிகளைப் போல் இருக்கிறதென்று ‘நக்கிள்ஸ்’ எனப் பெயரிட்டனர். என் தாய் இதனைக் கூதல் மலை என்பாள். விடியற்காலையில் நனைந்த செடிக்குள் இடுப்பளவு நிற்பவளுக்கு வேறென்ன பெயர் தோன்றும்?

2000ஆம் ஆண்டில் இக்காடு பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் யுனெஸ்கோ, இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக ஏற்றபோது இதுவும் அதில் அடங்கிற்று. உலகில் வேறெங்கும் இல்லாத ஓணான்கள் இங்கே வாழ்கின்றன. இங்கே பிறக்கும் ஓடைகள் மகாவலியில் கலந்து வறண்ட வயல்களை நனைக்கின்றன. காட்டைக் காத்தது நன்றே. எனினும் காட்டுக்குள் ஏலம் பயிரிட்டுப் பிழைத்த மலையடிச் சிங்களக் கிராமத்தவர் அதற்குத் தந்த விலையை எந்த அறிவிப்புப் பலகையும் சொல்வதில்லை. மலைக்கு அப்பால், களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கல நகரமே நீரில் மூழ்கியது. அந்த மக்களும் நம் பட்டியலில் இல்லை.

எம்மவர் கதையோ இன்னும் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. நட்டவர்களுக்கு 1948ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமையை மறுத்தது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் கூடி, இத்தனை இலட்சம் பேர் உனக்கு, இத்தனை இலட்சம் பேர் எனக்கு என்று பங்கிட்டார்கள். எஞ்சிய நாடற்றவர்களுக்கு 2003இல்தான் சட்டம் வழிதந்தது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021இல்தான் வர்த்தமானியில் ஏறிற்று. இவ்வளவையும் வகுப்பறையில் கற்பிக்கிற நான், வழியில் ஒரு கிழவியின் கேள்விக்கு விடை சொல்லாமல் நழுவினேன்.

திரும்பும்போது மாலை நான்கு மணி இருக்கும். பாதையோரத்தில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். “அம்மா, காலையில் தவறாகச் சொல்லிவிட்டேன். எங்கள் அம்மா இந்தத் தோட்டந்தான், கீழ் லயம்” என்றேன்.

அவள் என் தாயின் பெயரைக் கேட்டாள், நினைவில்லை என்றாள். “ரொம்பப் பேரு போயிட்டாங்க தம்பி. வா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்று முன்னே நடந்தாள். நண்பர்களும் ஒன்றும் பேசாமல் பின்தொடர்ந்தனர்.

லயத்தின் முன்னே பீலியிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. என் தாய் நூறு முறை சொல்லிய பீலி. அதே ஒற்றைக் காம்பராக்கள். புகை படிந்த சுவர். வாசலில் பள்ளிச் சீருடை காய்ந்தது. ஐந்து பேர் உறங்கும் காம்பராவில் எங்கள் நால்வருக்கும் உட்கார இடம் செய்தார்கள். வடக்கிலிருந்து வந்த நண்பர் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: “ஏன் இதை முதலே எங்களுக்குச் சொல்லவில்லை?”

விடுதியில் கேட்ட அந்தச் சொல்லை அவருக்குச் சொன்னேன். அவர் தலை குனிந்தார். “நாங்களும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் வளர்ந்தோம்” என்றார். அவர் என்னினும் நேர்மையானவர் என்று அப்போது தோன்றிற்று.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. மாத்தளை உள்ளிட்ட மலை மாவட்டங்களில் மண் சரிந்தது. நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். சில வாரங்கள் சென்றபின் தொலைவிலுள்ள நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “ரிவர்ஸ்டன் பாதை திறந்துவிட்டதா? வரலாமா?” அவர்மீது எனக்குக் கோபம் எழவில்லை. மலையின்மீது மனிதர் வாழ்கிறார்கள் என்பதை அவருக்கு யார் சொன்னார்கள்? நான்கு இடங்களை எண்ணிக் கொடுத்தவன் நான்தானே?

ஆதலின் அவருக்கு இவ்வாறு எழுதினேன்: “வாருங்கள். அருவியைப் பாருங்கள், பத்தனையில் நடங்கள், கணவாயில் காற்றுக்கு முகம் கொடுங்கள். ஆனால் பிளாஸ்டிக்கைக் காட்டில் எறியாதீர்கள். கொழுந்து எடுப்பவரைப் படம் பிடிக்குமுன் அனுமதி கேளுங்கள், பெயர் கேளுங்கள். போகும் வழியில் ஒரு லயத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். அங்கே எனக்கு ஒரு பீலி இருக்கிறது.”