வரப்பு மேல ஒரு மழைமானி

சென்னையில் ஒரு நாள் மழை பெய்தால் போதும், நுங்கம்பாக்கத்தில் எத்தனை, மீனம்பாக்கத்தில் எத்தனை என்று டிவியில் சொல்லிவிடுவார்கள். எங்க ஊருக்கு அப்படி ஒரு பாக்கமும் கிடையாதுங்க. தாராபுரத்தில் பெய்ததைத்தான் எங்கள் மழையாக நினைத்துக்கொள்ள வேண்டும். மேகம் அப்படிக் கணக்குப் பார்த்துப் பெய்வதில்லை. கிழக்குக் காட்டில் தண்ணீர் ஓடும்போது மேற்குக் காட்டில் புழுதி பறப்பது இங்கே சகஜம். மலைக்கு இந்தப் பக்கம், மழை மறைவில் கிடக்கிற பூமி. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றுதான் வரும். மழை என்று உருப்படியாக வருவது ஐப்பசி, கார்த்திகையில்தான்.

அதனால் மழையை அளப்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை. எங்களுடையது கூட்டுக் கிணறு. எனக்கு மூன்று நாள், பெரியப்பா வீட்டுக்கு மூன்று நாள் என்று முறை. நல்ல மழை பெய்துவிட்டால் முறைக்காரர் மோட்டார் போடாமல் விட்டுவிட வேண்டும், கிணறு ஊறட்டும் என்பது தாத்தா காலத்துப் பேச்சு. நல்ல மழை என்றால் எவ்வளவு? அங்கேதான் வம்பு. "ஒரு உழவு மழை" என்றால் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் புரியும். ஏர் இறங்குகிற ஆழத்துக்கு ஈரம் போயிருக்க வேண்டும். மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தினால் தெரிந்துவிடும். இப்போது சொட்டுநீர் போட்ட வெங்காயக் காட்டில் எந்நேரமும் ஈரம்தான். எது மழைத் தண்ணி, எது கிணற்றுத் தண்ணி என்று எப்படிப் பிரிப்பது? தண்ணீர் பாயாத கொறங்காட்டில் போய்க் கொத்தினாலும் ஒருத்தர் ஒரு சாண் என்பார், இன்னொருத்தர் நாலு விரல் என்பார். பங்காளிகளுக்குள் பேச்சு தடிக்கிற அளவுக்குப் போன பிறகு, ஒரு வானிலைக் கருவி வாங்கிவிடலாம் என்று முடிவானது. மழைமானி, காற்றுமானி, வெப்பமும் ஈரப்பதமும் பார்க்கிற சென்சார், மூன்றும் சேர்ந்த செட்டு. செலவு ஆளுக்குப் பாதி.

வாங்கியது ஒரு நாள் வேலை. எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஒரு வாரம் போனது.

லீவுக்கு வந்திருந்த தங்கச்சி மகன், "மொட்டை மாடியில வெச்சிரலாம் மாமா. வயரும் கம்மி, வைஃபையும் கிடைக்கும்" என்றான். டவுனில் பெரும்பாலும் அப்படித்தான் வைக்கிறார்கள். பெரியப்பா ஒரே வார்த்தையில் அடித்துவிட்டார்.

"மெஷினு உன்ற ஊட்டு மேல இருந்தா, மழையும் உன்ற பேச்சத்தானடா கேக்கும்?"

அவர் சொன்னது பங்காளி நியாயம். வானிலைக்காரர்கள் சொல்கிற நியாயமும் அதே பக்கம்தான் சாய்கிறது. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் இருட்டிய பிறகும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அதன் மேல் வைத்த சென்சார் வீட்டின் சூட்டைத்தான் சொல்லும், காட்டின் சூட்டைச் சொல்லாது. சுவரில் மோதுகிற காற்று மேலே எழும்பிச் சுழலும். அந்தச் சுழலில் மழைத்துளி மானியின் வாய்க்குள் விழாமல் தாண்டிப் போய்விடும். காற்றோடு பெய்கிற மழையில் உயரத்தில் இருக்கிற மானி குறைத்துத்தான் காட்டும். மழைமானி தாழ்வாக, திறந்த வெளியில் நிற்க வேண்டும். பக்கத்தில் மரமோ கட்டடமோ இருந்தால் அதன் உயரத்தைப் போலக் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும். 50 அடித் தென்னை என்றால் 100 அடி. காற்றுமானிக்கு இன்னும் கண்டிப்பு: மறைப்பின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு.

கயிறு பிடித்து அளந்தோம். என் தென்னையும் ஆகாது, பெரியப்பா தென்னையும் ஆகாது, களத்துமேடும் சிமெண்டுத் தரை என்பதால் ஆகாது. கடைசியில் மிஞ்சியது இரண்டு வீட்டு வெங்காயக் காட்டுக்கும் நடுவில் ஓடுகிற பொது வரப்பு. கொறங்காட்டைச் சுற்றியுள்ள கிளுவை வேலி ஆள் உயரம்தான், அதுவும் 70 அடி தள்ளி. கருவிக்கும் அதுதான் சரியான இடம், பெரியப்பாவுக்கும் அதுதான்.

கம்பம் நடுவதும் சும்மா இல்லைங்க. அறுவடை முடிந்த காட்டில் மாட்டை மேய விடுவோம். காங்கேயம் மாடு ஒன்று கழுத்தைச் சொறிய இடம் தேடி வந்தால் சின்னப் பைப்பு அன்றைக்கே சாய்ந்துவிடும். இரண்டு இஞ்ச் ஜிஐ பைப்பை இரண்டரை அடிக் குழியில் இறக்கி, கான்கிரீட் போட்டு, சுற்றி நாலு கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்தோம்.

மழைமானிக்குத் தனிப் பைப்பு, இடுப்பு உயரம். மேஸ்திரியின் ரசமட்டத்தை வைத்து மட்டம் பார்த்துத்தான் முடுக்கினோம். உள்ளே குழந்தைகள் விளையாடுகிற சீசா பலகை மாதிரி இரண்டு பக்கமும் குழிக்கரண்டி இருக்கிறது. 0.2 மில்லிமீட்டர் மழைக்கான தண்ணீர் ஒரு கரண்டியில் நிறைந்ததும் அது சாய்ந்து கொட்டும், மறு கரண்டி மேலே வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு காந்தம் ஒரு சுவிட்சைத் தாண்டிப் போகும். அந்த எண்ணிக்கைதான் மழை. பைப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கணக்கும் சாய்ந்துவிடும்.

வெப்பம் பார்க்கிற சென்சார் ஐந்தடி உயரத்தில், வெள்ளைத் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கிய மாதிரி ஒரு கூட்டுக்குள் இருக்கிறது. காற்று உள்ளே போய்வர வேண்டும், வெயில் நேராகப் படக்கூடாது. வானிலை நிலையங்களில் சாய்வுப் பலகை அடித்த வெள்ளை மரப்பெட்டி பார்த்திருப்பீர்கள், ஸ்டீவன்சன் பெட்டி என்பார்கள். அதன் சின்ன வாரிசு இது. அதைச் செய்தவர் கலங்கரை விளக்கம் கட்டிய தாமஸ் ஸ்டீவன்சன், 'புதையல் தீவு' எழுதியவரின் அப்பா.

காற்றுமானியை வானிலை நிலையங்களில் 10 மீட்டர் உயரத்தில் வைப்பார்கள். எங்களுக்கு வேண்டியது வெங்காயத்துக்கு மருந்தடிக்கிற ஆள் மேல் படுகிற காற்று. பயிருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று பார்க்க ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு தந்திருக்கிற கணக்கும் 2 மீட்டர் உயரக் காற்றைத்தான் கேட்கிறது. ஆகவே 2 மீட்டரிலேயே நிறுத்திக்கொண்டோம். திசைக்கு வடக்குப் பார்க்கும்போது போனை ஜிஐ பைப்புக்குப் பக்கத்தில் பிடிக்காதீர்கள். இரும்பு முள்ளைத் திருப்பிவிடும். பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

இனி வயர். எண்ணைக் காட்டுகிற பெட்டி என் வீட்டிலும் வேண்டாம், பெரியப்பா வீட்டிலும் வேண்டாம், மோட்டார் ரூமில் இருக்கட்டும் என்று பேச்சு. வரப்பிலிருந்து அங்கே 180 அடி. சென்சார்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற சாதாரண முறை ஒரே பெட்டிக்குள் இருக்கிற சாமான்களுக்கானது. நீள வயரில் தடுமாறும். அதற்கு ஆர்எஸ்-485 என்று ஒரு முறை உண்டு, 1,200 மீட்டர் வரைக்கும் தாங்கும். இரண்டு வயரைத் திரி மாதிரி முறுக்கியிருப்பார்கள். வெளியிலிருந்து வருகிற இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். கேட்கிற பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

அந்த இரைச்சல்தான் மோட்டார் ரூமில் பெரிய எதிரி. பக்கத்து ஊர் நண்பர் ஒருவர் மழைமானி வயரை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். மோட்டார் எடுக்கும்போதெல்லாம் அவர் காட்டில் மட்டும் 0.4, 0.6 என்று மழை பெய்யும்! கிணற்றுத் தகராறைத் தீர்க்க வாங்கிய கருவி மோட்டார் போட்டால் மழை காட்டினால் என்ன ஆகும்? அதனால் எங்கள் வயர் மோட்டார் கேபிளோடு ஓரடி கூடச் சேர்ந்து ஓடவில்லை. தாண்ட வேண்டிய ஒரே இடத்தில் கூட்டல் குறி மாதிரி நேர்க்குறுக்காகத் தாண்டுகிறது. மேலே உலோகப் பின்னல் போட்ட வயர். அந்தப் பின்னலுக்கு ஒரு முனையில் மட்டும் எர்த். பெட்டி ஸ்டார்ட்டர் இருக்கிற சுவருக்கு எதிர்ச் சுவரில்.

கரண்டும் அதே வழியில் போகிறது. அவ்வளவு தூரத்தில் வோல்ட்டேஜ் இறங்கும் என்பதால் 12 வோல்ட்டாக அனுப்பி, சென்சார் பக்கத்தில் 5 ஆகக் குறைத்துக்கொள்கிறோம். ஒரு சின்ன பேட்டரியும் உண்டு. மழை நாளில்தான் கரண்ட் போகும் என்று உங்களுக்குத் தெரியாதா?

வயர் முழுக்கப் பிவிசி பைப்புக்குள், இரண்டடி ஆழத்தில். உளிக்கலப்பை ஒன்றரை அடி வரைக்கும் இறங்கும் என்பதால் அந்த ஆழம். வரப்பு என்றால் எலி வளை. எலிக்கு வயர் கிடைத்தால் கடிக்காமல் விடாது. பைப்பின் இரண்டு வாயையும் அடைத்தாயிற்று. பெட்டிக்குள் வயர் நுழைகிற ஓட்டை அடிப்பக்கம்தான் இருக்க வேண்டும். நுழைவதற்கு முன்னால் வயரை ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்ற வேண்டும். வயர் வழியே வருகிற மழைத்தண்ணி அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், உள்ளே போகாது. காசில்லாத வேலை. இதை விட்டுவிட்டு விலை உயர்ந்த பெட்டி வாங்கியும் பயன் இல்லை.

இத்தனைக்கும் மேல் பறவைகள் இருக்கின்றன. காட்டுக்கு நடுவில் ஒரு கம்பம் என்றால் கரிச்சானுக்குக் கொண்டாட்டம். உட்கார்ந்த இடத்திலேயே எச்சம், அது மானியின் துளையை அடைக்கும். வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக்கை மானியின் விளிம்பைச் சுற்றி வால் மேலே நீட்டுகிற மாதிரி கட்டிவிட்டோம். முள்கிரீடம் வைத்த மாதிரி இருக்கிறது. கரிச்சான் இப்போது கல்தூணில் உட்காருகிறது.

எல்லாம் முடிந்ததும் பெரியப்பா முன்னால் ஒரு சோதனை. எங்கள் மானியின் வாய் 200 மில்லிமீட்டர் அகலம். அதில் 10 மில்லிமீட்டர் மழை என்றால் 314 மில்லி தண்ணீர். பாட்டில் மூடியில் ஊசித்துளை போட்டு மெதுவாகச் சொட்ட விட்டோம். வேகமாக ஊற்றினால் கரண்டி சாய்கிற நேரத்தில் விழுகிற தண்ணீர் கணக்கில் வராது. 50 முறை சாய வேண்டும். 49 வந்தது.

"முந்நூறு மில்லி ஊத்துனா பத்து மில்லின்னு காட்டுது? மீதிய யாரு குடிச்சா?" என்றார் பெரியப்பா. ஒன்று தண்ணீரின் அளவு, இன்னொன்று அது தரையில் நிற்கிற உயரம் என்று விளக்கினேன். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஏக்கருக்கு 4,047 லிட்டர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு லட்சம் லிட்டர். லட்சம் என்றதும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அன்றைக்கே பேசி முடித்தோம். வானிலைத் துறை மாதிரியே காலை 8.30லிருந்து மறுநாள் 8.30 வரை ஒரு நாள். அதற்குள் 20 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால் அடுத்த முறைக்காரர் மோட்டார் போடக்கூடாது.

ஐப்பசியில் முதல் கணக்கு மழை வந்தது 22.4. அடுத்தது என் முறை. உரம் வைத்துத் தண்ணீர் விடலாம் என்று ஆள் சொல்லியிருந்தேன். 20க்கு மேல் வெறும் 2.4தான். மானி என் மாடியில் இருந்திருந்தால், "அது காத்துல கூடக் காட்டியிருக்கும்" என்று ஏதாவது பேசியிருப்பேனோ என்னவோ. வரப்பில் நிற்கிறதைப் பார்த்து என்ன பேசுவது? ஆளுக்குப் போன் பண்ணி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று நாளும் கிணறு ஊறியது.

பெரியப்பா இன்றைக்கும் மழை விட்டதும் முதலில் கொறங்காட்டில் ஒரு கொத்துக் கொத்திப் பார்த்துவிட்டுத்தான் மோட்டார் ரூமுக்கு வருகிறார். ஈரமும் எண்ணும் ஒத்துப்போனால் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒருநாள் பெட்டியில் 3.2 என்று இருந்தது. "சாணுக்கு மேல நனைஞ்சு கெடக்குது, மூணுங்குது" என்று முனகிக்கொண்டே வரப்புக்கு நடந்தார். மானியின் துளையில் பாதியை அடைத்துக் குளவி மண்கூடு வைத்திருந்தது.