கட்டைவிரலுக்கு வேலையில்லை

பள்ளிபாளையத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. அங்கே ஒரு மைதானத்தில், நாற்பத்திரண்டு வயசில், வில் பழகப் போனேன். தறிப்பட்டறையில் சிரித்தார்கள். "ஏனுங்ணா, எந்த நாட்டு மேல சண்டைக்குப் போறீங்க?"

முதல் வாரம் அம்பே கிடையாது. ரப்பர் பட்டையை இழுத்து இழுத்துத் தோள் பழகணும். அப்புறம் இருபது பவுண்டுக்குள் இழுவை உள்ள லேசான வில், பத்து மீட்டர் தூரம். முழங்கை சரியாகத் திரும்பாவிட்டால் நாண் முன்கையில் சுளீர்னு அடிக்கும், ரெண்டு நாளைக்குக் கன்றிக் கிடக்கும். நாணைப் பிடிக்க மூணு விரல் போதும். அம்புக்கு மேலே ஆள்காட்டி விரல், கீழே நடுவிரலும் மோதிர விரலும்.

"கட்டைவிரலை உள்ளங்கைக்குள்ள மடக்கிக்கங்க சார், அதுக்கு இங்க வேலையில்ல" என்றார் சொல்லித்தருகிற தம்பி.

அருந்ததியர் வளவில் பிறந்தவன் காதில் இது சும்மா விழுமா? அப்போ ஏகலைவனிடம் துரோணர் எதை வாங்கினார்? கட்டைவிரலால் நாண் இழுப்பது ஆசியாவில் பல இடத்திலும் இருந்த முறை, மங்கோலியர் முறை அதுதான். அந்த விளக்கம் எனக்கும் தெரியும். ஆனால் விரல் போன பிறகும் மிச்ச விரல்களால் அவன் எய்தான், முன்னைப்போல வேகமில்லை என்று பாரதமே சொல்கிறது. பீல் பழங்குடிகள் இன்றைக்கும் கட்டைவிரல் படாமல் எய்வது அவன் நினைவாகத்தான் என்பார்கள். வித்தையை முழுசாகப் பறிக்க முடியவில்லை. கேட்டதும் அறுத்துக் கொடுக்கிற புத்தியை மட்டும் நமக்குள் விட்டுவிட்டுப் போனார் வாத்தியார். கண்ணப்பனும் வில் பிடித்த வேடன்தான். கண்ணைப் பிடுங்கி வைத்த பிறகே நாயனார். நம்ம மேடைகளிலும் ஏகலைவனைத் தியாகி ஆக்கிப் பேசுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

எங்க ஊருக்கு இது புராணமில்லை. 2025 ஜூலையில் பள்ளிபாளையம் பேர் பத்திரிகைகளில் அடிபட்டது. கடனில் முங்கிய விசைத்தறிக் கூலிகளிடம் புரோக்கர்கள் சிறுநீரகத்தை விலை பேசி வாங்கிய சேதி.

விருதுகளைப் பாருங்கள். அர்ஜுனா விருது 1961-இல் வந்தது, பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா 1985-இல். ராஜஸ்தானில் உதய்பூர்ப் பக்கம் மூங்கில் வில்லோடு வளர்ந்த ஆதிவாசி லிம்பா ராம் 1988, 1992, 1996 என மூணு ஒலிம்பிக்கில் நின்றவர். 1991-இல் அவருக்குக் கொடுத்தது அர்ஜுனன் பேரில். ராஞ்சி ஆட்டோக்காரர் மகள் தீபிகா குமாரிக்கும் 2012-இல் அதே பேர்தான். வாங்கினதைக் குறை சொல்லவில்லை, வாங்கட்டும். பேர் வைத்தவர்களைத்தான் கேட்கிறேன்.

வில் கிடைத்தால் முயலுக்குப் போகலாமா என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். கூடாது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குத் துப்பாக்கியும் ஒன்றுதான், வில்லும் ஒன்றுதான்; வழக்கு, சிறை. ராஜாவும் ஜமீன்தாரும் சுட்ட புலி பங்களாச் சுவரில் தொங்குகிறது, அதுக்குப் பேர் வீரம். நம்ம பையன் கையில் கவட்டையைப் பார்த்தாலே பிடித்து நிறுத்துவார்கள். எங்க தாத்தனுக்குத் தெரிந்த ஒரே வில் எலிக்கிட்டி. மூங்கில் சிம்பை வளைத்துக் கட்டி வயல் வரப்பில் வைப்பார். விழுந்த எலி எங்களுக்கு, மிஞ்சிய நெல் பண்ணாடிக்கு.

வெளிநாட்டு வில் செட்டு லட்சக்கணக்கில் விலை. ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரம், அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 12.2 சென்டிமீட்டர். நம்ம பிள்ளைகள் அங்கிருந்து தொடங்க முடியாது. மூங்கில் வில்லுக்கென்றே தேசியப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்டு' என்று ஒரு பிரிவு இருக்கிறது. 50 மீட்டர், 30 மீட்டர். எங்கக்கா மகளை அதில்தான் சேர்த்திருக்கிறேன். இப்போதைக்கு அவளுக்குப் பதினஞ்சு மீட்டர். ஆறு அம்பில் நாலு அட்டையில் நிற்கிறது, ரெண்டைப் புல்லில் தேடிக்கொண்டிருக்கிறாள்.