கூடுதலாய் வந்த கூலி

 

ஹராமான பொருள் என்றதும் வட்டியும் களவும் கையூட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றை நாம் தேடிச் சென்றால்தான் அவை நம்மை வந்தடையும். ஆனால் நாம் தேடாமலும் கை நீட்டாமலும் இருக்கும்போதே பிறர் பொருள் நம் கணக்கில் வந்து அமர்ந்துகொள்ளும் நேரங்களும் உண்டு. வேலையை விட்டு விலகிய பின்னர் பழைய நிறுவனம் தவறுதலாக அனுப்பிவிடும் ஊதியம் அத்தகையது. இந்தச் சோதனையை நாமும் சந்தித்திருக்கிறோம் என்பதால், இதுபற்றிச் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மத்ரஸாவின் முழுநேரப் பணிக்கு வருமுன், தூத்துக்குடியில் கப்பல் சரக்குகளைக் கையாளும் முகவர் அலுவலகம் ஒன்றில் நாம் 9 ஆண்டுகள் கணக்கெழுதி வந்தோம். விலகும்போது, எடுக்காத விடுப்புக்குரிய 11 நாள் ஊதியம் நமக்கு வர வேண்டியிருந்தது. கேட்டோம், ‘பார்க்கலாம்’ என்ற பதிலே வந்தது. அடுத்த மாதத் தொடக்கத்தில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி ஒன்று வந்தது. நாம் ஒரு நாள்கூட வேலை செய்யாத மாதத்துக்கு முழு ஊதியமும் கணக்கில் ஏறியிருந்தது. மத்ரஸாவில் நமக்குக் கிடைப்பது அதில் பாதியும் இல்லை. மூத்த மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ 10 நாள்களே எஞ்சியிருந்தன.

செய்தியறிந்தோர் மூன்று விதமாகப் பேசினர். ‘நம் கஷ்டம் தெரிந்து அல்லாஹ்தான் அனுப்பியிருப்பானோ?’ என்றார் நம் துணைவியார். ‘அவர்கள் தர வேண்டியதைத்தானே தந்திருக்கிறார்கள்? பேசாமல் இருங்கள்’ என்றார் நண்பர் ஒருவர். ‘உப்பளத்தில் ஒரு பிடி அள்ளினால் குறைந்தா போய்விடும்?’ என்றார் மற்றொருவர். இம்மூன்றும் இத்தகைய நிலையில் எந்த வீட்டிலும் எழக்கூடிய வாதங்களே. ஆகவே ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலாவது, இது அல்லாஹ் அளித்த ரிஸ்க் என்னும் வாதம். நம் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பில், படகு கரை சேர்ந்ததும் சிப்பிகளை மூன்று பங்காகப் பிரிப்பார்கள். ஒரு பங்கு குளியாளிகளுக்கு, இரண்டு பங்கு அரசுக்கு. சிப்பிகளைத் திறவாமலே பங்கிடுவதால் எந்தக் குவியலில் முத்து இருக்கிறதென்று எவருக்கும் தெரியாது. குளியாளியின் குவியலில் விலையுயர்ந்த முத்துக் கிடைத்தால் அது அவருடைய ரிஸ்க். அதில் எவரும் உரிமை கோர முடியாது. ஆனால் அரசின் குவியலிலிருந்து ஒரு சிப்பி உருண்டு அவர் காலடியில் வந்து கிடந்தால் அது ரிஸ்க் ஆகிவிடாது. உருட்டியது அவர் கையன்று, காற்றுத்தான் என்றாலும் அது அடுத்தவர் பொருளே.

அபூஹுரைரா (ரலி) அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஒரு நிகழ்ச்சி இதற்கு ஒளி தருகிறது. முன்னைய சமுதாயத்தில் ஒருவர் நிலம் வாங்கினார். அதில் பொன் நிறைந்த குடம் ஒன்று கிடைத்தது. தாம் விலை கொடுத்தது மண்ணுக்கு மட்டுமே என்று கூறி, அதை விற்றவரிடமே கொண்டு சென்றார். விற்றவரோ, நிலத்தோடு அதிலிருந்த யாவற்றையும் விற்றுவிட்டதாகச் சொல்லி ஏற்க மறுத்தார். வழக்குத் தீர்க்க வந்தவர், ஒருவர் மகனுக்கும் மற்றவர் மகளுக்கும் மணம் முடித்து, அப்பொன்னை அவர்களுக்காகச் செலவிடவும் தர்மம் செய்யவும் தீர்ப்பளித்தார். வாங்கியவர் கேட்டுக்கொண்ட கேள்வியை நாமும் கேட்டுப் பார்க்க வேண்டும். நாம் விற்றது நம் உழைப்பு. அதற்கு விலை ஊதியம். உழைப்பே இல்லாத மாதத்துக்கு வந்த பணம் எதற்கான விலை?

இரண்டாவது, அவர்கள் தர வேண்டிய கடனுக்கு இது ஈடு என்னும் வாதம். மூன்றிலும் வலுவானது இதுவே. கணவர் போதிய செலவு தருவதில்லை என முறையிட்ட ஹிந்த் (ரலி) அவர்களுக்கு, தேவையான அளவை நியாயமான முறையில் எடுத்துக்கொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி அளித்ததை நாம் அறிவோம். அதனைக் கொண்டு, கடனை மறுப்பவரின் பொருள் கைக்குக் கிடைத்தால் தம் உரிமையின் அளவுக்கு எடுத்துக்கொள்வது பற்றி ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் இதற்கு இடமுண்டு. மற்ற இமாம்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. ஆனால் நம் நிலையில் அவர்கள் கடனை மறுக்கவில்லை, இழுத்தடித்தார்கள். கேட்டுப் பெறும் வழி அடைபட்டிருக்கவும் இல்லை. மேலும் வர வேண்டியது 11 நாள் கூலி. வந்ததோ 30 நாள் கூலி. தன் உரிமைக்குத் தானே நீதிபதியாக அமர்பவன் தராசைத் தன் பக்கம் சாய்க்காமல் இருப்பது மிக அரிது.

மூன்றாவது, பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு பொருட்டா என்னும் வாதம். இதற்கு விடை ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைத்தது. ஊதியப் பட்டியல் தயாரிக்கும் இளைஞரை அழைத்துச் சொன்னதும் அவர் குரல் நடுங்கியது. ‘அண்ணாச்சி, கடிதமெல்லாம் எழுதாதீங்க. என் சம்பளத்துல பிடிச்சிருவாங்க. எனக்கே அனுப்பிருங்க, நான் சரிபண்ணிக்கிறேன்’ என்றார். உப்பளத்தில் அள்ளிய பிடி யாருடைய கூடையிலிருந்து குறைந்திருக்கும் என்பது அப்போது விளங்கியது. நிறுவனம் நட்டத்தைத் தாங்கிக்கொள்ளும். புதிதாக மணமான அந்த இளைஞரால் தாங்க இயலுமா?

ஆயினும் அவர் கேட்டபடி அவர் கணக்குக்கு அனுப்ப நம் மனம் ஒப்பவில்லை. நிறுவனத்தின் பொருளை நிறுவனத்திடமே சேர்ப்பதுதான் அமானிதம். ஆகவே பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு முழுத் தொகையையும் திருப்பி அனுப்பினோம். உடன் எழுதிய கடிதத்தில், விலகியவரின் பெயர் பட்டியலில் விடுபடாமல் இருப்பது எங்கும் நிகழக்கூடியது என்றும், இதற்காக எவரையும் தண்டிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டோம். நம் 11 நாள் ஊதியத்தைத் தனிப் பத்தியில் நினைவூட்டினோம். அந்த இளைஞர் கண்டிப்போடு தப்பினார், அல்ஹம்துலில்லாஹ். கல்லூரிக் கட்டணத்துக்கு மச்சானிடம் கைமாற்று வாங்கி ஆறு மாதங்களில் அடைத்தோம். நிறுவனம் நான்கு மாதங்கள் கழித்து 8 நாள் ஊதியம் தந்தது. மீதி 3 நாளை அல்லாஹ்வுக்காக ஹலாலாக்கிவிட்டோம்.

நாட்டின் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆவது பிரிவின்படி, தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும். உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் ஷரீஅத் சட்டத் தொகுப்பிலும் 72ஆவது விதியே, பிழையென வெளிப்பட்ட எண்ணத்துக்கு மதிப்பில்லை என்னும் கருத்தைச் சொல்கிறது. கடன் இருப்பதாக எண்ணிக் கொடுத்தவர், இல்லையெனத் தெரிந்ததும் திரும்பப் பெறலாம் என்பது அதன் விளக்கம்.

‘வாங்கிய சம்பளத்தைத் திரும்பக் கேட்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே’ எனச் சிலர் வினவலாம். பஞ்சாப் மாநில அரசு, ரஃபீக் மசீஹ் வழக்கில் 2014 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பையே அவர்கள் குறிப்பிடுகிறார்கள். மூன்றாம், நான்காம் நிலை ஊழியர், ஓய்வுபெற்றோர், 5 ஆண்டுகளுக்கு மேலாகக் கூடுதல் ஊதியம் பெற்று வந்தோர் போன்றவர்களிடமிருந்து அதைப் பிடித்தம் செய்யக் கூடாது என்கிறது அத்தீர்ப்பு. கேரள ஆசிரியர் ஒருவரின் வழக்கில் 2022ஆம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றம் இதே வழியில் சென்றது. ஆனால் இந்தச் சலுகை பிழையை அறியாமல் வாங்கிச் செலவிட்டவர்களின் துயர் நீக்கவே தரப்பட்டது. பணம் அவர்கள் உரிமை என்பதற்காக அன்று. பிழை தெரிந்தே வைத்துக்கொள்பவருக்கு அதில் நிழல் இல்லை. விலகிய பின் வரும் ஊதியம் பிழையென்று அறியாதவர் யார்?

வீட்டில் இப்படியொரு நிலை ஏற்பட்டால் செய்ய வேண்டியவை சில உண்டு. பணத்தைத் தொடாமல் வைத்து, உடனே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ‘தவறி அனுப்பிவிட்டோம், இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்’ என அறியாதவர் அழைத்தால், வங்கிக் கணக்கைச் சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள். அது மோசடியாகவும் இருக்கலாம். வந்த கணக்குக்கே அனுப்பி, ரசீது பெறுங்கள். வருமான வரியோ சேமநல நிதியோ பிடிக்கப்பட்டிருந்தால் அதையும் திருத்தச் சொல்லுங்கள். தெரியாமல் செலவாகிவிட்டிருந்தால் தவணை கேளுங்கள், கேட்பதில் இழிவில்லை.

முதலாளிகளாக இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். குகையில் அடைபட்ட மூவரில் ஒருவர், கூலியை வாங்காமல் போன தொழிலாளியின் தானியத்தை விதைத்துப் பெருக்கி, அவர் திரும்பி வந்தபோது கால்நடைகள் அனைத்தையும் ஒப்படைத்தவர். அந்த நற்செயலை முன்வைத்தே அவர் துஆ கேட்டார்; பாறை விலகியது. விலகிப் போனவரின் கணக்கிலும் நம் கடமை முடிவதில்லை. கூடுதலாகப் போனதைக் கேட்கும் வேகத்தோடு, குறைவாகப் போனதையும் கொடுத்துவிடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளில் ஹலாலான உணவையே நுழையச் செய்து, குறைந்ததிலும் நிறைவான பரக்கத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.